முனிரத்தினம், முதல் ரேங்க்

ஜூன் 4

கம்பெனி எங்கள் மாலை வகுப்புக்குப் பதினோரு கம்ப்யூட்டர் கொடுத்திருக்கிறது. பதினொன்றும் ஓடாதவை.

பஞ்சாயத்து நூலகத்தின் பின்னறையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டுப் போனார்கள். அதற்கு முன்னால் பேனர் கட்டி, பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்துப் போட்டோ. அட்மின் ஆபீசர் பிரபாகர் சார் ஒரு மானிட்டரைக் குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு சிரித்தார். அதன் முதுகில் மார்க்கரில் ‘கழிவு’ என்று எழுதியிருந்தது. கேமராவுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. நானும் சிரித்துக்கொண்டு நின்றேன்.

எங்கள் ஊர் ஈச்சமேட்டில் இரண்டு வீட்டுக்கு ஒரு வீடு அந்தக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறது. பழைய பேட்டரியை உடைத்து ஈயம் உருக்குகிற கம்பெனி. என் அண்ணன் லோகநாதன் அங்கே கான்ட்ராக்ட் ஆட்களுக்கு சூப்பர்வைசர். இந்த மாலை வகுப்புக்கு எனக்குச் சம்பளம் கொடுப்பதும் அவர்கள்தான்.

“ஆகஸ்ட் பதினஞ்சுக்கு எம்.டி. வர்றார் மோனிஷா. ‘மாணவர்களே உருவாக்கிய கணினி’ன்னு மேடைல வெச்சிடலாம். பதினொண்ணையும் பிரிச்சு ஒண்ணாவது கட்டுங்க. அது ஓடிச்சுன்னா உங்களை ஆபீஸ்ல பர்மனென்ட் பண்றது என் பொறுப்பு” என்றார் பிரபாகர் சார்.

பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்து இரண்டு வருஷம் ஆகிறது. அதில் ஒரு வருஷம் மருந்துக் கடையில் பில் போட்டேன். பர்மனென்ட் என்று அவர் சொன்னதுமே சரி சார் என்றேன்.

ஜூன் 5

ஸ்க்ரூடிரைவர் வேண்டும் என்று சாருக்கு மெசேஜ் போட்டேன். கட்டைவிரல் வந்தது. ஸ்க்ரூடிரைவர் வரவில்லை. சைக்கிள் கடையில் இரவல் வாங்கினேன்.

ஜூன் 8

ஏழு பேர் பெயர் கொடுத்தார்கள். ஒழுங்காக வருவது மூன்று பேர். கெஜலட்சுமி, எட்டாம் வகுப்பு. கெஜா என்றுதான் கூப்பிடுவோம். கேள்வி கேட்க ஆரம்பித்தால் விடமாட்டாள். டில்லிபாபு, ஏழாம் வகுப்பு, வாய் மூடாது. மோசஸ், ஒன்பதாம் வகுப்பு. வாய் திறக்கமாட்டான், ஆனால் ஒரு ஸ்க்ரூவைப் பார்த்தால் அது எந்த ஓட்டைக்கு என்று சொல்லிவிடுவான். மூன்று பேருடைய அப்பாக்களும் கம்பெனியில்.

முதல் பெட்டியைத் திறந்தோம். ஒரு விரல் கனத்துக்குத் தூசி. நடுவில் ஒரு பல்லி காய்ந்து கிடந்தது.

“மிஸ், இதான் வைரஸா?” என்றான் டில்லி.

சிரித்து முடிக்க நேரம் ஆனது. நாளைக்கு வீட்டிலிருந்து பழைய துணி கொண்டுவாருங்கள், துடைக்கலாம் என்று சொன்னேன்.

ஜூன் 10

மூன்று பேரும் ஒரே துணியைக் கொண்டுவந்திருக்கிறார்கள். கம்பெனி யூனிஃபார்ம். நீலம், துவைத்துத் துவைத்துச் சாம்பல் ஏறியது. இந்த ஊரில் கிழிந்த யூனிஃபார்ம்தான் கரித்துணி, தலையணை உறை, பிள்ளை தூங்க ஏணை. வேறு பழந்துணி யாரிடமும் கிடையாது. கத்தரித்துச் சதுரம் சதுரமாக அடுக்கிவைத்தோம். நல்ல மெத்தென்ற துணி. தூசியை அப்படியே பிடித்துக்கொள்கிறது.

ஜூன் 13

ரேமின் தங்கநிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்தால் பாதிக் கோளாறு போய்விடும். இது கல்லூரியில் படித்ததல்ல, யூடியூபில் பார்த்தது. கல்லூரியில் மூன்று வருஷமும் நாங்கள் ஒரு பெட்டியைக்கூடத் திறந்ததில்லை. படம் வரைந்து பாகங்களைக் குறித்தோம். பத்து மதிப்பெண்.

இந்தப் பிள்ளைகள் ஒரே வாரத்தில் அதைத் தாண்டிவிட்டார்கள். எதையும் அடித்து உள்ளே தள்ளக்கூடாது, போகவில்லை என்றால் அது அதன் இடமில்லை என்று மோசஸ் புரிந்துகொண்டான். சொல்லவில்லை, கையில் தெரிகிறது.

“எங்கப்பாவை மட்டும் எங்க வேணா சொருகுறாங்க மிஸ்” என்றாள் கெஜா. “போன வாரம் ஃபர்னஸு. இந்த வாரம் பேட்டரி ஒடைக்கிற எடம். கேட்டா, போடான்றாங்களாம்.”

போடா என்று சொல்வது என் அண்ணன்தான். அவளுக்கும் தெரியும்.

ஜூன் 19

ஒரு போர்டு கத்தியது! மூன்று முறை. மூன்று கத்தல் என்றால் ரேம் சரியில்லை, ஒரு நீளமும் இரண்டு குட்டையும் என்றால் திரைக்குப் போகிற கார்டு சரியில்லை என்று விளக்கினேன்.

“எங்க வலிக்குதுன்னு சொல்லுது” என்றான் மோசஸ். இந்த மாதத்தில் அவன் பேசிய முதல் முழு வாக்கியம்.

“எங்கப்பா அதுகூட சொல்லமாட்டாரு” என்றாள் கெஜா. “டம்ளரு கை வுட்டு கீழ வுழுது. இன்னாப்பான்னா, வழுக்கிகினு போச்சுன்றாரு. அம்மா பிளாஸ்டிக் டம்ளரு வாங்கிட்டாங்க.”

டில்லி சட்டைப்பையிலிருந்து வெல்லம் எடுத்தான். ஷிஃப்ட் முடிந்து வெளியே வரும்போது கேட்டில் ஆளுக்கு ஒரு உருண்டை கொடுக்கிறார்கள். வெல்லம் ஈயத்தை அடித்துக்கொண்டு போய்விடும் என்று கம்பெனியும் சொல்கிறது, ஊரும் நம்புகிறது. அப்பாக்கள் தின்பதில்லை. யூனிஃபார்ம் பையில் போட்டுப் பிள்ளைகளுக்குக் கொண்டுவருகிறார்கள். நான்காக உடைத்துத் தின்றோம். துணித்தூள் ஒட்டியிருந்தது, ஊதிவிட்டுத் தின்றேன்.

ஜூன் 26

டில்லிக்கு வயிற்றுவலி, இந்த வாரத்தில் இரண்டாவது தடவை. சத்துணவு முட்டை சரியில்லை போலிருக்கிறது. மோசஸ் உட்கார்ந்தபடியே தூங்குகிறான். எனக்குத் தலைவலி. வாயில் சில்லறைக் காசைச் சப்பியதுபோல ஒரு ருசி. கண்ணாடி மாற்ற வேண்டும்.

ஜூலை 6

ஓடிவிட்டது.

மூன்றாம் பெட்டியின் போர்டு, ஏழாம் பெட்டியின் ரேம், ஒன்பதாம் பெட்டியின் பவர் சப்ளை, ஐந்தாம் பெட்டியின் ஹார்டு டிஸ்க். சுவிட்சைப் போட்டது கெஜா. விசிறி சுற்றியது, திரை கறுப்பிலிருந்து நீலமானது. டில்லி வெளியே ஓடிப்போய்த் தெருவில் போகிற வருகிறவரையெல்லாம் கூப்பிட்டான். “எங்க கம்ப்யூட்டரு! நாங்க செஞ்சது!” மாடு ஓட்டிக்கொண்டு போன ஒருவர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, “டிவியா?” என்றார். டில்லிக்குக் கோபம் வந்துவிட்டது.

நான் இவ்வளவு சந்தோஷமாக இருந்து எத்தனை நாள் ஆயிற்று! தங்களுக்கு எதுவும் வராது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிச் சொல்லி வளர்த்த பிள்ளைகள். குப்பையிலிருந்து ஒரு இயந்திரத்தை எழுப்பிவிட்டார்கள்.

கம்பெனி பெயர் வந்து, கடவுச்சொல் கேட்டு நின்றது.

ஜூலை 9

பென் டிரைவில் இன்னொரு சிஸ்டம் ஏற்றி அதன் வழியாக டிஸ்க்கைத் திறந்தேன். பூட்டு முன்கதவில் மட்டும்தான், பின்கதவு திறந்தே இருக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். அழிக்காமலே கொடுத்திருக்கிறார்கள். கேன்டீன் பட்டியல், பிறந்தநாள் போட்டோக்கள், ‘மெடிக்கல்’ என்று ஒரு ஃபோல்டர்.

அதில் ஒரு பட்டியல். டோக்கன் எண், பெயர், ஓர் எண், குறிப்பு. சில வரிகள் சிவப்பு, சில மஞ்சள். கெஜா தேடுகிற பெட்டியில் அவள் அப்பா பெயரை அடித்தாள்.

“மிஸ்! எங்கப்பா! முனிரத்தினம், எழுபத்தொண்ணு!”

“எங்கப்பாவப் போடு, எங்கப்பாவப் போடு. கோதண்டம்.” டில்லி அவளை இடித்துத் தள்ளினான். அறுபத்து நாலு.

“மோசஸ் அப்பா நாப்பத்தாறு. ஃபெயிலு இல்ல, பாஸு. மிஸ், உங்கண்ணன் அம்பத்தெட்டு!” என்றாள் கெஜா.

எண்கள் பெரிதிலிருந்து சிறிதாக வரும்படி வரிசைப்படுத்த ஏற்கனவே சொல்லிக்கொடுத்திருந்தேன். கெஜா அதைச் செய்தாள். முனிரத்தினம் முதல் வரியில் வந்து நின்றார்.

“எங்கப்பாதான்டா ஃபர்ஸ்ட் ரேங்க்கு!”

டில்லிக்கு முகம் தொங்கிவிட்டது. “எதுக்கு மிஸ் இந்த மார்க்கு?”

தெரியாது என்றேன். அப்போது உண்மையிலேயே தெரியாது.

ஜூலை 10

அந்த எண் என்னவென்று தேடிப் பார்த்தேன். எழுத வேண்டாம்.

ஜூலை 12

துடைக்கிற துணியை மாற்றிவிட்டேன். பழையது அழுக்கு. கடையில் மஞ்சள் துணி ஒரு கட்டு வாங்கிவந்தேன். சோப்பும் வாங்கினேன். கை கழுவாமல் யாரும் எதையும் வாயில் வைக்கக்கூடாது என்று புது விதி. பழைய துணிகளை நூலகத்தின் பின்னால் குழி தோண்டிப் போட்டேன்.

“இன்னாத்துக்கு மிஸ் எங்கப்பா சட்டையப் பொதைக்கிறீங்க?” என்றாள் கெஜா.

நாற்றம் அடித்தது என்றேன். அவள் ஒரு துண்டை எடுத்து மோந்து பார்த்தாள். “அடிக்கலயே” என்றாள். கத்திவிட்டேன்.

ஜூலை 15

ஆறு மாதத்துக்கு ஒருமுறை கம்பெனியில் ரத்தம் எடுப்பார்கள். எடுத்ததும் ஒரு முட்டை, ஒரு வாழைப்பழம், ஒரு டம்ளர் பால். அன்றைக்கு எல்லாருக்கும் திருநாள் மாதிரி. ரிப்போர்ட் யாருக்கும் வந்ததில்லை, யாரும் கேட்டதுமில்லை. பால் கொடுத்தவனிடம் போய்க் கணக்கு கேட்பார்களா?

சாப்பிடும்போது அண்ணனிடம் கேட்டேன்.

“அந்த ரத்த ரிசல்ட்டெல்லாம் எங்கண்ணா போவுது?”

“ஏன், உனக்கு இன்னா?”

“சும்மாதான்.”

“ஆபீஸ்லேருந்து ஒரு சீட்டு வரும். இந்தாள எடத்த மாத்து, இந்தாள நிறுத்துன்னு. நிறுத்துன்னா நான் ஒரு காரணம் எழுதணும். லேட்டு, எதிர்த்துப் பேசினான், குடிச்சான். எத்தினியோ இருக்குது.” சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். “அவனுங்க போயி வெளிய இன்னா ஆவுறானுங்கன்னு நான் பார்த்துகினு இருக்க முடியுமா பாப்பா?”

அவன் எண்ணை நான் சொல்லவில்லை. சாப்பிடுகிறவனிடம் எப்படிச் சொல்வது?

ஜூலை 24

முனிரத்தினத்தை நிறுத்திவிட்டார்கள். காரணம்: குடிபோதை. அந்த மனிதர் காபிகூடக் குடிக்கமாட்டார். கெஜா இன்று வரவில்லை.

ஜூலை 27

வந்தாள். வந்ததும் நேராகக் கம்ப்யூட்டரைப் போட்டு, பட்டியலைத் திறந்து, யாரும் பார்க்காத கடைசிப் பத்தியைக் காட்டினாள். முனிரத்தினத்துக்கு நேரே ‘ஜூலைக்குள் நிறுத்து’ என்று இருந்தது. பட்டியல் ஏப்ரலில் போட்டது.

“ஜூலைல குடிப்பாருன்னு ஏப்ரல்லயே எப்டி மிஸ் தெரியும்?”

நான் மஞ்சள் துணியால் திரையைத் துடைத்தேன்.

“செவப்பா இருக்கிற பேரெல்லாம் பார்த்தேன். எட்டு பேரு. அஞ்சு பேர நிறுத்தியாச்சு. இது மார்க்கு இல்லதானே மிஸ்?”

டில்லியும் மோசஸும் என் வாயைப் பார்த்தார்கள். பதினேழு நாளாக எனக்குத் தெரியும்.

“எனக்கு சரியாத் தெரியாது கெஜா. பெரிய டாக்டருங்கதான் சொல்லணும். இப்ப பதினஞ்சாம் தேதி வேலையப் பார்ப்போம்.”

அவள் கம்ப்யூட்டரை அணைத்தாள். முறைப்படி, நான் சொல்லிக்கொடுத்தபடி, ஒவ்வொன்றாக மூடி அணைத்தாள்.

ஜூலை 30

முனிரத்தினத்துக்கு வலது கை மணிக்கட்டு எழும்பவில்லை. கொடியில் காய்ந்த சட்டைக்கை மாதிரி தொங்குகிறது. தாலுகா ஆஸ்பத்திரியில் அவர் கையிலிருந்த கம்பெனிக் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, குடியினால் வந்த நரம்புத் தளர்ச்சி என்று மாத்திரை கொடுத்தார்களாம். கெஜா எழுபத்தொன்று என்று சொல்லியிருக்கிறாள். “பேப்பர் இருக்கா? பேப்பர் இருந்தா சென்னைக்கு எழுதித் தர்றேன்” என்றாராம் டாக்டர்.

ஆகஸ்ட் 1

ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் கெஜா கம்பெனி கேட்டுக்குப் போயிருக்கிறாள். பள்ளிச் சீருடையோடு நின்று கத்தியிருக்கிறாள். “எங்கப்பா எழுபத்தொண்ணு! அவரு குடிக்கல! உங்க நம்பரும் எனக்குத் தெரியும்!”

வாட்ச்மேன் துரத்தினான். உள்ளே போகிறவர்கள் சிரித்துக்கொண்டே போனார்களாம். ஒருவர் மட்டும், “என் நம்பரு இன்னா பாப்பா, லாட்டரியா?” என்று கேட்டாராம்.

சாயங்காலம் அண்ணன் வாசற்படியில் நின்றபடியே கேட்டான். “அந்தப் பொண்ணுக்கு நம்பரு எங்கேருந்து வந்துச்சு?”

சொல்லிவிட்டேன். டிஸ்க், ஃபோல்டர், பட்டியல் எல்லாவற்றையும். அவன் எண்ணை மட்டும் விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 8

பிரபாகர் சார் நேரில் வந்தார். கையில் பெட்டி பிரிக்காத புது ஹார்டு டிஸ்க். பிள்ளைகளுக்குக் கேக்.

“பழசக் குடுத்துட்டுப் பேர் வாங்கறது தப்பு இல்லையா? அதான் புதுசு. அந்தப் பழைய டிஸ்க்க மட்டும் குடுத்துடுங்க மோனிஷா, ஸ்கிராப்ல சேர்க்கணும்.” பிள்ளைகளைப் பார்த்துக் கைதட்டினார். “யாருப்பா இங்க எஞ்சினியரு? கழட்டுங்க பார்ப்போம்!”

யாரும் எழவில்லை. ஸ்க்ரூடிரைவர் கெஜாவின் கையில் இருந்தது.

“குடு கெஜா.”

“எங்கப்பா நம்பரு அதுலதான் இருக்குது மிஸ்.”

“என்னம்மா சொல்றா?” என்றார் சார், சிரிப்பு மாறாமல்.

“வெளையாட்டு சார்” என்றேன்.

அவள் விரல்களைப் பிரித்துத்தான் அதை வாங்க வேண்டியிருந்தது. நான்கு ஸ்க்ரூ. நானே கழட்டினேன். டிஸ்க்கை அவர் கைக்குட்டையில் சுற்றிப் பேன்ட் பைக்குள் வைத்துக்கொண்டார். மோசஸ் கேக்கைத் தொடவில்லை. டில்லி தின்றான், வெளியே போய் வாந்தி எடுத்தான்.

சார் போனதும் கெஜா கேட்டாள். “காப்பி எடுத்து வெச்சிருக்கீங்கதானே மிஸ்?”

இல்லை. ஒரு மாதம் கையில் இருந்தது. ஒரு பென் டிரைவ், ஒரு நிமிஷ வேலை.

அது கம்பெனியின் பொருள். கம்பெனி கேட்டது, கொடுத்தேன். என் இடத்தில் யார் இருந்தாலும் இதைத்தான் செய்வார்கள்.

ஆகஸ்ட் 15

மேடை, மிக்சர் பொட்டலம், பேச்சு. மாணவர்களே உருவாக்கிய கணினிக்கு மாலை போட்டார்கள். மாலையிலிருந்து தண்ணீர் சொட்டி உள்ளே இறங்குகிறதே என்று மோசஸ் மட்டும் தவித்தான்.

எம்.டி. நல்ல மனிதர்போலத் தெரிந்தார். குனிந்து கெஜாவிடம் மைக்கை நீட்டினார். “இந்தக் கம்ப்யூட்டரைச் செஞ்சதுல நீ என்னம்மா கத்துக்கிட்டே?”

குழு முயற்சி, தன்னம்பிக்கை, கம்பெனிக்கு நன்றி என்று நான் மூன்று வரி எழுதிக் கொடுத்திருந்தேன். நேற்றுத் தப்பில்லாமல் ஒப்பித்தாள்.

“ஒரு பார்ட்டு கெட்டுப் போச்சுன்னா, கழட்டிப் போட்டுட்டு வேற மாட்டிக்கலாம் சார்” என்றாள்.

எம்.டி. கைதட்டினார். எல்லாரும் தட்டினார்கள். கூட்டத்தில் பின்வரிசையில் முனிரத்தினம் உட்கார்ந்திருந்தார். இடது கையால் தொடையில் தட்டினார், மகள் மேடையில் பேசிய பெருமையில்.

ஆகஸ்ட் 21

கேட்டில் ஒரு பெண் கத்தியதைப் பற்றி ஊரில் பேச்சு ஓயவில்லை. ஆகவே கம்பெனி பிள்ளைகளுக்கு இலவச மருத்துவ முகாம் நடத்தியது. முப்பத்து நாலு பிள்ளைகள். ரத்தம் எடுத்துவிட்டு, முட்டை, வாழைப்பழம், பால்.

எனக்கு ஆர்டர் வந்துவிட்டது. செப்டம்பர் ஒன்று முதல். அம்மா எதிர்வீட்டுக்கெல்லாம் கேசரி கொடுத்தாள்.

செப்டம்பர் 1

கேட்டில் போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். பென் டிரைவ் சொருகும் இடங்களையெல்லாம் அரக்கு வைத்து அடைத்திருக்கிறார்கள். பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். ஏசி அறை. மேஜைமேல் என் பெயர்.

செப்டம்பர் 3

முதல் பெரிய வேலை. லேபிலிருந்து வந்த முப்பத்து நாலு தாளைப் பட்டியலில் ஏற்ற வேண்டும். பிரபாகர் சார் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

“இந்த ஃபைல் உங்ககிட்ட மட்டும்தான் இருக்கும். உங்களைத் தெரிஞ்சதாலதான் தர்றேன். வீடுகளுக்கு ஒரே மாதிரி லெட்டர் அடிச்சிடுங்க. ரத்தப் பரிசோதனை முடிவு இயல்பாக உள்ளது. முப்பத்து நாலு காப்பி.”

“எல்லாருக்குமா சார்?”

“எல்லாருக்கும்.”

அடித்தேன். அடித்துக்கொண்டிருக்கும்போது இரண்டு முறை பாத்ரூம் போய் வந்தேன்.

செப்டம்பர் 4

டில்லிபாபு 52. கெஜலட்சுமி 47. மோசஸ் 39. ரத்தத்தில் ஈயம்; பிள்ளைகளுக்கு ஐந்தைத் தாண்டினாலே ஆபத்து.

தினமும் ஐந்து பெயர் மனப்பாடம் செய்து வரலாம் என்று நினைத்தேன். இன்று மூன்றுதான் நின்றது. கடிதங்கள் வீடுகளுக்குப் போய்விட்டன.

செப்டம்பர் 5

இருசப்பன் மகள் சுமதி, நான்கு வயது, 44. அவள் தங்கை 41. தெற்குத் தெரு ஜமுனாவின் மூன்று பேர்: 36, 38, 29.

இரண்டு நாளாக என் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேரின் எண்ணை மற்ற முப்பத்தொன்றோடு வைத்துப் பார்க்கிறேன். டில்லி வீட்டில் அவன் தம்பிக்கு 33. ஒரே வீடு, ஒரே சோறு, ஒரே வெல்லம். டில்லிக்கு மட்டும் எங்கிருந்து பத்தொன்பது கூடியது? கெஜா தங்கைக்கு 30.

என் அறையிலிருந்து கூடியது. துணி கொண்டுவாருங்கள் என்று சொன்னது நான். ஒரு மாதம் நாள்தோறும் இரண்டு மணிநேரம் அந்தத் தூளை உதறி, துடைத்து, அந்தக் கையாலேயே தின்ன வைத்தேன். ஜூலை பத்தாம் தேதியே எனக்குத் தெரியும். துணியைப் புதைத்தேன், வாயையும் மூடிக்கொண்டேன்.

செப்டம்பர் 6 – 10

(நாளுக்கு ஐந்து. கடைசி நாள் நான்கு. எல்லாப் பெயரும் அடுத்த இரண்டு பக்கத்தில், அப்பா பெயர், தெரு, வயதோடு. ஒன்றுகூட இயல்பு இல்லை.)

பெரியவர்கள் பட்டியலும் அதே கம்ப்யூட்டரில் இருக்கிறது. ஏப்ரல் மாதத்தது. அதிலிருந்து சிவப்பு எட்டு பேரை எடுத்து வந்துவிட்டேன். மஞ்சளில் ஒருவரை மட்டும் எழுதினேன். லோகநாதன், 58.

செப்டம்பர் 11

இந்த நோட்டை அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்திருந்தேன். ஆபீஸிலிருந்து வந்து பார்த்தால் கூடத்தில், டிவி மேஜைமேல் இருக்கிறது. நேற்றைய பக்கம் திறந்தபடி.

அண்ணன் டிவி பார்த்துக்கொண்டிருந்தான். சத்தம் வைக்கவில்லை.

“அம்பத்தெட்டுன்னா எவ்ளோ?” என்றான்.

சொன்னேன். இப்போதாவது முழுதாகச் சொன்னேன்.

“உனக்கு எப்போலேருந்து தெரியும்?”

“ஜூலை.”

அவன் என்னை அடிப்பான் என்று நினைத்தேன். எழுந்து கொல்லைப்பக்கம் போனான். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. வெகுநேரம் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தான். திரும்பி வந்து, “நாளைக்கு அந்த சாரு கேட்டா நான் இன்னா சொல்லட்டும்?” என்றான்.

செப்டம்பர் 12

காலை ஆறு இருபது. பேருந்து நிறுத்தம்.

அண்ணன் எனக்கு முன்பே கம்பெனிக்குக் கிளம்பிவிட்டான். இந்த நேரத்துக்கு அவனுக்கு ஷிஃப்ட் கிடையாது. பிரபாகர் சார் இதுவரை நான்கு முறை போன் செய்துவிட்டார். சற்று முன்னால் கம்பெனி ஜீப் எங்கள் தெருப்பக்கம் போனது.

கெஜா, அவள் அம்மா, முனிரத்தினம் மூவரும் கல்மேல் உட்கார்ந்திருக்கிறார்கள். சென்னைப் பெரியாஸ்பத்திரிக்குப் போகிறார்கள். எழுதித்தர யாரும் இல்லாமல் தாங்களாகவே போகிறார்கள். அங்கேயும் பேப்பர் இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள். என்னிடம் இருக்கிற பேப்பர் இது ஒன்றுதான்.

பெயர்ப் பட்டியல் உள்ள இரண்டு பக்கத்தை மட்டும் கிழித்துக் கொடுத்துவிடலாம் என்று பிளேடோடு வந்தேன். கிழித்தால் அது யாரோ எழுதிய இரண்டு தாள். எங்கிருந்து வந்தது, யார் அடித்தது, யார் மறைத்தது என்று எந்த டாக்டருக்கும், எந்த போலீஸுக்கும் தெரியாது. நோட்டாகக் கொடுத்தால் தெரியும். என்னையும் சேர்த்துத் தெரியும்.

கெஜா, பட்டியலை டாக்டர் படிக்கட்டும். நீ ஜூலை 10-ஐப் படி. பிறகு செப்டம்பர் 5-ஐப் படி. படித்த பிறகு என்னை மிஸ் என்று கூப்பிட வேண்டாம்.

ஜீப் திரும்பி வருகிறது. அதற்குப் பின்னால் உங்கள் பஸ்ஸும் வருகிறது. கெஜாவைக் கூப்பிட்டுவிட்டேன். எழுந்து வருகிறாள். கொடுக்கிறேன்.